அம்பத்திரண்டாவது நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் இருக்கு,
ஏதாவது படம் சொல்லு என்கிறாய், லோகு.
ஆளைப் பார்த்துக் கேட்டாய் போ.
சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி,
ஜன்னல் இல்லாத அறை,
அங்கே உட்கார்ந்து சத்தம் கழுவுகிறவன் நான்.
நடிகர்களை எனக்கு முகத்தை வைத்துத் தெரியாது.
எச்சில் விழுங்குவதை வைத்துத் தெரியும்.

'டோக்கன் எண்பத்தி நாலு' பார்.
நடுவில் இருபது நிமிஷம் தாங்காது,
முன்னாலேயே சொல்லிவிட்டேன்.
அதில் ஆஸ்பத்திரி வாட்ச்மேனாக தஸ்தகீர் என்று ஒருவர்,
டைட்டிலில் பெயரைத் தப்பாகப் போட்டிருப்பார்கள்.
மொத்தம் நாலே காட்சி.
மூன்றாவதில் ஒரு பெண்
உள்ளே விடுங்கண்ணே என்று அழுவாள்.
அவர் அவள் பக்கமே திரும்ப மாட்டார்.
டிபன் பாக்ஸ் மூடி இறுகிக்கொண்டிருக்கும்,
அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்,
முழங்காலில் வைத்து, பல்லைக் கடித்து.
மூடி திறக்காது.
கேட் திறந்திருக்கும்.
கால் கட்டைவிரலால் தள்ளியிருக்கிறார் மனுஷன்,
இரண்டாம் தடவை பார்த்தால்தான் தெரியும்.

அது போகட்டும்.
நான் சொல்ல வந்தது 'பதினோராவது மாசம்.'

மூன்று நாள் ஓடியது.
விருகம்பாக்கத்தில் மதியக் காட்சிக்கு
என்னோடு சேர்த்து ஏழு பேர்,
அதில் இரண்டு பேர் ஏசிக்கு வந்தவர்கள்.
மெர்லின் சகாயம் என்று ராயபுரத்துப் பெண்,
வாடகைக்குக் குடியிருப்பவளாக வருவாள்.
வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று
அடுத்த மாசம் காலி பண்ணிடும்மா என்பார்.
அவளுக்கு வசனம் ஒன்றுதான்: சரிங்க சார்.

மே மாசம், சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தி எடுத்தது.
அந்த 'சரிங்க'வுக்கு முன்னால்
ஒரு மூச்சு இழுத்தாள், லோகு.
ஒரு செகண்டுகூட இருக்காது.
பிள்ளையின் டிசி, கேஸ் கனெக்‌ஷன்,
பெயின்ட் அடிக்கணும் என்று அட்வான்ஸில் பிடிக்கப்போகும் பணம்,
தண்ணீர் லாரிக்காரன் நம்பர் முதற்கொண்டு
எல்லாம் அதற்குள் போய் வந்தது.
ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு
நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

தயாரிப்பாளர் வந்து கேட்டார்:
அதென்னய்யா, நாய் இளைக்கிற மாதிரி? எடுத்துடு.

எடுத்தேன்.
அந்த இடத்தில் காலி அறையின் சத்தத்தை வைத்து
ஒட்டுத் தெரியாமல் ஒட்டினேன்.
வேலை சுத்தம்.
பாதிச் சம்பளம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

அதனால் பார்த்தவர்கள் சொன்னார்கள்:
அந்தப் பொண்ணு முகத்துல ஒண்ணுமே வரலையே.

போன மாசம் எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தாள்,
ஏதோ கல்யாண மண்டபக் காட்சிக்குக்
கூட்டத்துக்குக் குரல் கொடுக்க,
பத்துப் பேரில் ஒருத்தியாக.
லிஃப்டில் நானும் அவளும்தான்.
அண்ணே, அந்தப் படம் நீங்கதானே பண்ணீங்க?
'சரிங்க'வுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணேன்,
தியேட்டர்ல பார்க்க முடியல, பையனுக்கு அம்மை.
வந்துச்சாண்ணே?

வந்துச்சும்மா என்றேன்.
லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது.

அந்த மூச்சு என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.
ஃபைலின் பெயர் 'குப்பை ஏழு.'
உனக்கு அதை அனுப்ப மாட்டேன்.
நீ படத்தைப் பார்.
அம்பத்திரண்டாவது நிமிஷம்,
சத்தத்தைக் கூட்டாதே, பிரயோஜனமில்லை.
கழுத்தெலும்புக்கு மேலே அந்தக் குழியைப் பார்,
அது உள்ளே போகும், திரும்பி வரும்,
சத்தமே இருக்காது.

என்றைக்காவது
வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் அவளைப் பார்த்தால்
கேட்டுச்சு என்று சொல்லிவிடு.
நான் சொன்னதாக வேண்டாம்.

நட்சத்திரம் எத்தனை என்று கேட்பாய்.
தெரியாது.
நடுவில் சோப்பு விளம்பரம் வரும், எழுந்து போய்விடாதே.